வன்னி வீதித் தரவைச் சுத்தம் செய்தல்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

மல்லாவி ஆதார வைத்தியசாலையிலிருந்து அரை மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய கிராமங்கள் எவை என்று வரைபட மென்பொருளிடம் கேட்பது எளிது. அது தரும் விடை நம்பத்தக்கதா என்பது நாம் கொடுக்கும் வீதி அடுக்கைப் பொறுத்தது, அதாவது வீதிகளைக் கோடுகளாகச் சேமித்த தரவைப் பொறுத்தது. திரையில் இரு வீதிகள் சந்திப்பதாகவே தெரியும். நெருங்கிப் பெருப்பித்துப் பார்த்தால் ஒன்றின் முனை மற்றொன்றைத் தொடாமல் அரை மீற்றர் முன்னதாகவே நின்றிருக்கும். கண்ணுக்கு அது சந்தி, கணிப்புக்கு அது முட்டுச் சந்து. வைத்தியசாலைக்குப் பக்கத்து ஊர் எட்ட முடியாத ஊராக வரைபடத்தில் நிறம் மாறி நிற்பதற்குப் பெரும்பாலும் இந்த அரை மீற்றரே காரணம்.

இத்தகைய பிழைகளைத் திருத்தப் பல வழிகள் உள்ளன. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கையால் திருத்தலாம். அதற்குள்ளேயே இயங்கும், கிராஸ் என்ற மற்றொரு இலவச மென்பொருளின் கருவிகளிடம் வேலையை ஒப்படைக்கலாம். வரைபடத் தரவைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில், பாதைகளைக் கணிக்கும் பிஜிரவுட்டிங் நீட்சியைக் கொண்டு செய்யலாம். எவரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பின் தரவை மூலத்திலேயே திருத்திப் பயன்படுத்தலாம். உரிமம் இருந்தால் ஆர்க்ஜிஐஎஸ் புரோ என்ற கட்டண மென்பொருளில் செய்யலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களின் தரவோடு வேலை செய்யப் போகும் மாணவர்களையும் பிரதேச சபைகளின் தொழினுட்ப உத்தியோகத்தர்களையும் மனத்தில் வைத்தே இவ்வழிகளை இங்கு ஒப்பிடுகிறேன். நகர்ப்புறத் தரவுக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே வன்னிக்குப் பின்பற்றினால், சுத்தம் செய்த தரவு சுத்தம் செய்யாததைவிடக் கூடுதலாகப் பொய் சொல்லும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பு. நகரத்தில் ஒரு வீதி எங்கும் சேராமல் முடிந்தால் அது வரைந்தவரின் தவறாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வன்னியில் வீதி வயலில் முடியும், குளத்தின் அலைகரையில் முடியும், களப்பின் ஓரத்தில் முடியும், காட்டின் விளிம்பில் முடியும். குடியேற்றத் திட்டங்களின் ஒழுங்கைகள் கடைசிக் காணியின் வேலியோடு நின்றுவிடும். இவை அனைத்தும் மெய்யான முடிவுகள். இணைந்திருக்க வேண்டிய முனைகளும் இவற்றுக்கிடையே கலந்து கிடக்கின்றன. இரண்டும் தரவில் ஒரே தோற்றம் கொண்டவை. ஒரு கோட்டின் தொங்கும் முனை, அதாவது வேறெந்தக் கோட்டையும் தொடாத முனை, என்பதற்கு மேல் எந்த மென்பொருளுக்கும் எதுவும் தெரியாது.

இரண்டாவது சிக்கல் நீர்ப்பாசன வாய்க்கால்கள். இரணைமடுவின் வாய்க்கால் வழியே சென்றவர்களுக்குத் தெரியும், பல இடங்களில் வாய்க்காலின் இரு கரைகளிலும் பாதை இருக்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம் சில மீற்றர்தான்; ஆயினும் மதகோ சிறு பாலமோ இருக்கும் இடம்வரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாகனத்தில் போக முடியாது. குளக்கட்டின் மேல் செல்லும் பாதையும் கட்டின் அடியோரமாகச் செல்லும் வீதியும் இப்படியே. அருகருகே இருப்பதெல்லாம் இணைந்தது என்று எடுத்துக்கொள்ளும் எந்தக் கருவியும் இங்கே இல்லாத பாலங்களைக் கட்டிவிடும்.

தரவு எங்கிருந்து வந்தது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். 1:50,000 அளவிலான வரைபடத் தாளிலிருந்து கோடுகள் எடுக்கப்பட்டிருந்தால், தாளில் அரை மில்லிமீற்றர் விலகல் தரையில் 25 மீற்றர் ஆகும். அத்தகைய அடுக்கையும் செய்மதிப் படத்தின் மேல் வரைந்த அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே ஒட்டுத் தூரத்தை, அதாவது எவ்வளவு அருகில் உள்ள புள்ளிகளைத் தானாக இணைக்கலாம் என்ற வரம்பை, கொடுப்பது சரியாகாது. தாள்களின் விளிம்புகளில் வீதிகள் வெட்டுண்டு, அடுத்த தாளில் சற்றுத் தள்ளித் தொடங்குவதும் வழக்கம். காலமும் ஒரு காரணி. சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டது 2011 ஜனவரியில். அதற்கு முந்திய அடுக்கொன்றில் பூநகரிக்கும் குடாநாட்டுக்கும் இடையில் வீதி அறுந்தே கிடக்கும். அன்றைக்கு அது பிழையில்லை. அந்தத் தரவை இன்று பயன்படுத்தினால், பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் போக வேண்டியவரைப் பரந்தனுக்கு அனுப்பி, ஆனையிறவு வழியாகச் சுற்ற வைக்கும். எந்த ஒட்டுத் தூரமும் இந்த இடைவெளியை மூடாது. பாலம் இருப்பதை அறிந்த ஒருவர் கோட்டை வரைந்துதான் ஆக வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பின்னால் பகுப்பாய்வைச் செய்யப் போகும் மென்பொருள் எதை இணைப்பு என்று கருதுகிறது? பலர் இதைக் கேட்காமலே சுத்தம் செய்யத் தொடங்குவதால்தான் தேவையற்ற வேலையைச் செய்து, தேவையானதை விட்டுவிடுகிறார்கள். கியூஜிஐஎஸ் மென்பொருளின் உள்ளார்ந்த வலையமைப்புக் கருவிகள் கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் கணுவாக, அதாவது வேறு கோட்டுக்குத் திரும்பக்கூடிய இடமாக, எடுத்துக்கொள்கின்றன. ஆகவே இரு வீதிகள் நடுவழியில் ஒரு பொதுப் புள்ளியைப் பகிர்ந்தாலே போதும், கோட்டை அங்கே வெட்ட வேண்டியதில்லை. பிஜிரவுட்டிங் வழமையான முறையில் கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே பார்க்கும்; ஒவ்வொரு சந்தியிலும் வீதி துண்டாக்கப்படாவிட்டால் ஏ9 வீதியில் நேராகப் போக முடியுமே தவிர மாங்குளத்தில் முல்லைத்தீவுப் பக்கம் திரும்ப முடியாது. ஆர்க்ஜிஐஎஸ் வலையமைப்புத் தரவுத்தொகுதியில் முனைகளில் மட்டும் இணைப்பதா, எந்தப் புள்ளியிலும் இணைப்பதா என்பதை நாமே தெரிவுசெய்யலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் இரு வீதிகள் ஒரே கணுவைப் பகிர்ந்தால்தான் இணைப்பு; கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்வது மட்டும் இணைப்பாகாது. ஒரே அடுக்கு ஒரு மென்பொருளில் சரியாகவும் மற்றொன்றில் சிதறியும் தெரிவதற்கு இவ்வேறுபாடே காரணம்.

இனி வழிகளுக்கு வருவோம். கையால் திருத்துவதற்கு கியூஜிஐஎஸ் தரும் வசதிகள் போதுமானவை. ஒட்டும் வசதியை இயக்கி வைத்து, கோடுகள் ஒன்றோடொன்று சேரும் விதத்தைச் சோதிக்கும் இடவியல் சரிபார்ப்பு நீட்சியில் தொங்கும் முனைகள் இருக்கக்கூடாது என்ற விதியைக் கொடுத்தால், முனைகளின் பட்டியலொன்று கிடைக்கும். அதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தலாம். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை என்றே சொல்வேன், ஏனெனில் ஒவ்வொரு முடிவையும் மனிதர் ஒருவர் பார்த்துத் தீர்மானிக்கிறார். ஆனால் ஒரு மாவட்டத்துக்கு இதைச் செய்யத் தொடங்கினால், பட்டியலில் மிகப் பெரும்பாலானவை வயலோரத்தில் மெய்யாகவே முடியும் ஒழுங்கைகளாக இருப்பதால், பார்ப்பவரின் கவனம் விரைவில் தளர்ந்து, திருத்த வேண்டியதையும் தாண்டிச் சென்றுவிடுவார்.

கிராஸ் மென்பொருளின் வி.கிளீன் கருவியே இந்த வேலைக்கு மிக அதிகமாகப் பரிந்துரைக்கப்படுவது. இலவசமானது, விரைவானது, கியூஜிஐஎஸ் செயலாக்கப் பெட்டியிலிருந்தே இயக்கக்கூடியது. கோடுகளை வெட்டுமிடங்களில் துண்டாக்கவும், அருகிலுள்ள புள்ளிகளை ஒட்டவும், தொங்கும் துண்டுகளை அகற்றவும், இரட்டித்த கோடுகளை நீக்கவும் தனித்தனித் தெரிவுகள் அதில் உண்டு. ஒட்டுதல் புதிய வெட்டுகளை உண்டாக்கக்கூடும் என்பதால் ஒட்டிய பின்னரே துண்டாக்க வேண்டும். இவற்றைப் புரிந்து பயன்படுத்தினால் மிகப் பயனுள்ள கருவி இது. புரியாமல் பயன்படுத்துவோருக்கு வன்னித் தரவில் நான்கு இடங்களில் சறுக்கும்.

ஒட்டும் தெரிவு ஒரு புள்ளியை மற்றொரு புள்ளியோடுதான் ஒட்டும், கோட்டின் நடுப்பகுதியோடு ஒட்டாது. முறிகண்டிப் பக்கத்து ஏ9 போன்ற நேரான நீண்ட வீதியில் புள்ளிகள் தூரத் தூரவே இருக்கும். அந்த வீதியை எட்டாமல் ஒரு மீற்றர் தள்ளி நிற்கும் ஒழுங்கைக்கு, ஒட்டிக்கொள்ள அருகில் புள்ளி எதுவும் இராது. பயனர் ஒட்டுத் தூரத்தை 5, 10, 20 என்று கூட்டிக்கொண்டே போவது இந்த இடத்தில்தான். இருபது மீற்றரை அடையும்போது அந்த ஒழுங்கை ஒருவேளை ஒட்டியிருக்கும்; அதற்குள் வாய்க்காலின் இரு கரைப் பாதைகளும் பல இடங்களில் ஒன்றாகச் சுருங்கியிருக்கும். மறுகரைக்குப் போக மதகுவரை சுற்ற வேண்டிய உழவு இயந்திரம், கணிப்பில் தண்ணீருக்கு மேலால் கடக்கும்.

தொங்கும் துண்டுகளை அகற்றும் தெரிவு இதைவிட ஆபத்தானது. நீள வரம்பை 50 அல்லது 100 மீற்றர் என்று கொடுத்தால், அதைவிடக் குறுகிய, ஒரு முனை தொங்கும் கோடுகள் அனைத்தையும் அது நீக்கிவிடும். எதிர்மறை எண்ணைக் கொடுத்தால் நீளம் பாராமல் எல்லாவற்றையும் நீக்கும். வட்டக்கச்சியிலோ விசுவமடுவிலோ வீட்டுக் காணிகளுக்குச் செல்லும் குறுக்கு ஒழுங்கைகள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். பிரதான வீதிகளின் அமைப்பை மட்டும் ஆராய்பவருக்கு அது ஏற்கத்தக்கதாக இருக்கலாம். மக்கள் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் எப்படிப் போகிறார்கள் என்று ஆராய்பவர், மக்கள் வாழும் இடத்தையே வரைபடத்திலிருந்து அழித்துவிட்டு ஆராய்கிறார்.

அலகு பற்றிய கவனக்குறைவு மூன்றாவது. வரம்பு எப்போதும் அடுக்கின் சொந்த அலகில் எடுக்கப்படும். அடுக்கு அகலாங்கு, நெட்டாங்குப் பாகைகளில் இருக்கும்போது, ஒரு மீற்றர் என்று எண்ணி 1 என்று கொடுத்தால் அது ஒரு பாகை, ஏறத்தாழ 110 கிலோமீற்றர்; வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம்வரை உள்ள நேர்த்தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். எனவே எதையும் தொடங்கும் முன் அடுக்கை மீற்றர் அலகு கொண்ட எறியத்துக்கு (புவியின் மேற்பரப்பைத் தளத்தில் விரிக்கும் ஆள்கூற்று முறைக்கு) மாற்ற வேண்டும். இலங்கைக்கு 1999 தேசிய வலை, அதாவது மென்பொருளில் இபிஎஸ்ஜி 5235 என்ற எண்ணால் குறிக்கப்படுவது, பொருத்தமானது. பழைய கந்தவல (Kandawala) அளவை ஆதாரத்தில் அமைந்த 5234 வலையில் வந்த அடுக்கைப் புதிய வலை என்று தவறாக அறிவித்துவிட்டால் முழு அடுக்கும் இடம்பெயர்ந்து நிற்கும். அதை ஒட்டுதலால் சரிசெய்ய முடியாது, சரியான எறியத்தை அறிவித்தாக வேண்டும்.

நான்காவது, நீளம். நான்கு கிலோமீற்றர் வீதியொன்றின் பண்புப் பட்டியலில் நீளம் என்ற நிரலில் 4000 என்று எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வீதி ஐந்து துண்டுகளாக வெட்டப்பட்டால் ஐந்து துண்டுகளுக்கும் அதே 4000 படியும். அந்த நிரலைப் பயணத் தூரமாகக் கொடுத்தால் வீதி 20 கிலோமீற்றர் ஆகிவிடும். துண்டாக்கிய பின் நீளத்தைப் புதிதாகக் கணித்தே ஆக வேண்டும்.

தரவுத்தள வழி இவற்றிலிருந்து இயல்பால் வேறுபட்டது. போஸ்ட்ஜிஐஎஸ், பிஜிரவுட்டிங் இரண்டையும் நிறுவி, தரவுத்தளக் கட்டளை மொழியான எஸ்கியூஎல் எழுதத் தெரிந்த ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. இருந்தால் கிடைக்கும் பயன் பெரிது. செய்த ஒவ்வொரு மாற்றமும் எழுதிய கட்டளையாகவே இருக்கும். அடுத்த ஆண்டு புதிய தரவு வரும்போது அதே கட்டளைகளை மீண்டும் இயக்கலாம். மூல அட்டவணை தொடப்படாமல் இருக்கும். ஒன்றோடொன்று தொடர்பற்ற துண்டுகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் எத்தனை வீதிகள் உள்ளன என்பதை ஒரே கேள்வியில் அறிந்துகொள்ளலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களை அப்படியே பின்பற்ற வேண்டாம். இடவியலை உருவாக்கும் பழைய செயற்கூறுகள் அண்மைய பதிப்புகளில் ஒதுக்கப்பட்டு, கணுக்களைப் பிரித்தெடுக்கும் புதியவை வந்துள்ளன.

ஓப்பன்ஸ்ட்ரீட்மப் வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னிக்கு நீண்டகாலப் பயன் தரக்கூடியது அதுவே என்று நம்புகிறேன். மற்ற வழிகளில் திருத்தம் நம் கணினியிலேயே தங்கிவிடுகிறது. இங்கே ஒருவர் இணைத்த சந்தி அடுத்தவருக்கும் இணைந்தே கிடைக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பைத் திருத்தப் பயன்படும் ஜோஸ்ம் மென்பொருளின் சரிபார்ப்பு, வீதியொன்றின் முனை மற்றொரு வீதிக்கு அருகில் தொடாமல் நிற்குமிடங்களைத் தானாகவே எச்சரிக்கையாகக் காட்டும். முனையைத் தெரிவுசெய்து ஒரு விசையை அழுத்தினால் இணைந்துவிடும். இணைப்பா, மெய்யான முடிவா என்பதை அடியிலுள்ள செய்மதிப் படம் பெரும்பாலும் சொல்லிவிடும். மரநிழல் மூடிய இடங்களில் அது சொல்லாது. அங்கே ஊரவரைத்தான் கேட்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தையோ வேறு அலுவலகங்களின் அடுக்கையோ பார்த்து, அனுமதியின்றி அங்கே பதிவேற்றுவது அதன் உரிம விதிகளுக்கு முரணானது என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது.

அங்கிருந்து தரவை எடுக்கும் விதத்தில்தான் வன்னிக்கு இழப்பு நேர்கிறது. பைத்தன் மொழியில் இதற்குப் பரவலாகப் பயன்படும் ஓஎஸ்எம்என்எக்ஸ் நிரல்தொகுதி, வாகன வீதிகள் என்று கேட்டால் ‘டிராக்’ என்று குறிக்கப்பட்ட பாதைகளை எடுக்காது. வாய்க்கால் கரைகளும் வயல் வழிகளும் அந்த வகையிலேயே குறிக்கப்பட்டிருக்கக் கூடும். மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் நாள்தோறும் ஓடும் வழிகள் அவை. அதோடு, வேறு விதமாகச் சொல்லாவிட்டால், வலையமைப்பின் மிகப் பெரிய இணைந்த பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றத் துண்டுகளை அது கைவிட்டுவிடும். ஒரு சிறு இணைப்பு விடுபட்டதால் பிரிந்து நிற்கும் கிராமம் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மறைந்துபோகும். ஆய்வாளர் கையில் கிடைப்பது பிழையே இல்லாததுபோல் தோன்றும் வலையமைப்பு. அனைத்தையும் வைத்திரு என்ற தெரிவைக் கொடுத்து, துண்டுகளின் பட்டியலை நாமே பார்ப்பது கட்டாயம்.

ஆர்க்ஜிஐஎஸ் புரோவைப் பொறுத்தவரை, அதன் இடவியல் விதிகளில் ஒரு பிழையை விதிவிலக்கு என்று குறித்துவைக்க முடிவது வன்னிக்கு மிக ஏற்றது. இந்த ஒழுங்கை இங்கேதான் முடிகிறது என்று ஒருமுறை பதிந்துவிட்டால் அது மீண்டும் பிழைப் பட்டியலில் வந்து தொல்லை தராது. அதில் அருகருகே உள்ள புள்ளிகளை ஒன்றாக்கும் ‘இன்டகிரேட்’ கருவி நாம் கொடுத்த அடுக்கையே மாற்றிவிடும் என்பதால் பிரதி எடுக்காமல் அதைத் தொடக்கூடாது. உரிமம் ஏற்கெனவே உள்ள அலுவலகம் இதையே தொடரலாம். வீதி வலையமைப்புப் பகுப்பாய்வுக்குத் தனி நீட்சி உரிமமும் வேண்டும் என்பதால், இந்த ஒரு வேலைக்காக வாங்கும்படி எந்தப் பிரதேச சபைக்கும் நான் சொல்லமாட்டேன்.

மாவட்ட அளவில் ஒருமுறை செய்யும் ஆய்வுக்கு, பெரும்பாலான குழுக்கள் கியூஜிஐஎஸ், கிராஸ் இரண்டையும் மிகச் சிறிய ஒட்டுத் தூரத்தோடு பயன்படுத்தி, எஞ்சியதை மனிதத் தீர்மானத்துக்கு விடுவதே சரி என்பது என் தெரிவு. அதைச் செய்யும் முறை இது. முதலில் எல்லாக் கோடுகளின் முனைகளையும் கியூஜிஐஎஸ் நீட்டல் கருவியால் 2 மீற்றர் நீட்ட வேண்டும். சற்றுக் குறைவாக நின்ற ஒழுங்கைகள் அனைத்தும் இப்போது வீதியைக் கடந்துவிடும். பிறகு வி.கிளீன் கொண்டு வெட்டுமிடங்களில் துண்டாக்கி, இரண்டரை மீற்றருக்குக் குறைந்த தொங்கும் துண்டுகளை மட்டும் அகற்ற வேண்டும். கடந்து நின்ற எச்சங்கள் நீங்கிவிடும். வயலில் முடியும் ஒழுங்கை எதுவும் அழியாது. இரண்டு மீற்றர் நீண்டிருக்கும், அவ்வளவே. வாய்க்கால் கரைப் பாதைகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. மேம்பாலங்கள் உள்ள கொழும்பில் எல்லா வெட்டுகளிலும் துண்டாக்குவது மேலும் கீழும் செல்லும் வீதிகளைப் பொய்யாக இணைத்துவிடும். வன்னியில் அந்த அச்சம் குறைவு.

இதன் பின் தொடர்பற்ற துண்டுகளைக் கண்டறிய வேண்டும். கியூஜிஐஎஸ்க்குத் தனித் தீவுகளைக் காட்டும் நீட்சி உண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணால் நிறம் கொடுத்தால் பிரிந்த பகுதிகள் உடனே கண்ணில் படும். தொங்கும் முனைகள் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பிரிந்த துண்டுகள் அவற்றைவிட மிகக் குறைவாகவே இருக்கும். மனித உழைப்பைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு துண்டும் பிரதான வலையமைப்பை எங்கே நெருங்குகிறது, அங்கே உள்ளது மதகா, பாலமா, மாரியில் மூடும் கடவையா, வேலியா என்று கேட்க வேண்டும். கேட்பதற்கு உரியவர்கள் கிராம அலுவலரும், பால் சேகரிப்பவரும், நெல் ஏற்றும் உழவு இயந்திரச் சாரதியுமே. அவர்களிடம் அச்சிட்ட தாளைக் காட்டிக் கேட்பது திரையைக் காட்டிக் கேட்பதைவிட நல்ல விடை தரும்.

கடவைகளைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு. கோடையில் கடக்கக்கூடியதும் மாரியில் தண்ணீர் ஏறுவதுமான இடத்தை இணைத்துவிடுவதா, அறுத்துவிடுவதா என்று தீர்மானிக்க முயலவேண்டாம். இணைத்து, பருவம் என்ற பண்பை அந்தத் துண்டுக்குக் கொடுத்து, பகுப்பாய்வை இருமுறை செய்யுங்கள். வட்டுவாகல் பாலம் போன்ற ஓர் இடத்தில் ஏ35 வீதியின் அந்த ஒரு துண்டை நீக்கிப் பார்த்தாலே, முல்லைத்தீவு நகரத்திலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போக வேண்டியவர் ஒட்டுசுட்டான் பக்கமாகச் சுற்ற வேண்டிவருவது தெரியும். வெள்ளக் காலத்து அவசரச் சேவைத் திட்டமிடலுக்கு அந்த இரண்டாவது வரைபடமே கூடுதலாகப் பயன்படும்.

தரவு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதென்றால் மேற்சொன்ன படிகளைத் தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொள்வது தகும். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்திலோ படிக்கும் மாணவர் ஒருவருக்கு அது ஒரு நல்ல செயற்றிட்டமாகவும் அமையும். எந்த வழியை எடுத்தாலும், முடிவில் சில பயணங்களைத் தரையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பரந்தனிலிருந்து விசுவமடு, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் என்று ஊரவர் நன்கறிந்த பயணங்களைத் தெரிந்து, மென்பொருள் சொல்லும் தூரத்தை வீதியோரக் கிலோமீற்றர் கற்களோடு ஒப்பிடுங்கள். கணித்த தூரம் கூடுதலாக வந்தால் எங்கோ ஓர் இணைப்பு விடுபட்டிருக்கும். குறைவாக வந்தால் இல்லாத ஒரு பாலம் தரவுக்குள் புகுந்திருக்கும். பயன்படுத்திய நீட்டல் தூரம், ஒட்டுத் தூரம், மென்பொருள் பதிப்பு ஆகியவற்றை அடுக்கின் விவரக் குறிப்பிலேயே எழுதி வைத்தால், அடுத்து அந்தத் தரவைக் கையேற்பவர் எந்த முனை ஆராய்ந்து விடப்பட்டது, எந்த முனை பார்க்கப்படாமலே விடப்பட்டது என்பதைப் பிரித்தறிந்து வேலையைத் தொடரலாம்.